ஊர் மெக்கானிக்கின் ஆகாய விமானம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் வயல்களும் பண்ணைகளும்தாம். 1901-இல் பிறந்த பெர்னார்டு பீட்டன்போல் என்பவர் தொழில் நடத்தியது அவ்வூரிலேதான். முறையான பொறியியற் படிப்பு ஏதுமில்லை. மெக்கானிக் வேலையைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். விஞ்ஞானம் பயிலும் நண்பர்களுக்கு இவரை அறிமுகம் செய்ய நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. நம் கணக்கில் பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறையும். இவர் கணக்கில் பிழை நேர்ந்தால் நடுவானில் இயந்திரம் நின்றுவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவரும் இவரே!

பறக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இளமையிலேயே பிடித்துவிட்டது. ஆனால் விமான இயந்திரம் வாங்கப் பணம் வேண்டுமே. போர்டு காரோ ஊருக்கு ஊர் ஓடியது. அதன் உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைத்தன. முதலில் டி மாடல் போர்டு இயந்திரத்தைப் பொருத்திப் பார்த்தார். இருபது குதிரைசக்தி எம்மட்டு? பின்னர் ஏ மாடல் வந்தது. 3.3 லிட்டர் கொள்ளளவு, நிமிடத்திற்கு 2,200 சுற்றில் 40 குதிரைசக்தி. 1929-இல் அந்த இயந்திரத்துடன் அவருடைய ஏர் கேம்ப்பர் விமானம் பறந்தது. மரச்சட்டம், துணிப் போர்வை, தலைக்கு மேலே ஒற்றை இறக்கை, திறந்த இருக்கை இரண்டு.

கார் இயந்திரத்தை அப்படியே தூக்கி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. புரொப்பெல்லர் காற்றைத் தள்ளும்போது கிராங்க்ஷாப்டை முன்புறமாக இழுக்கிறது. காரில் இத்தகைய இடைவிடாத இழுப்பு இல்லை. ஏ மாடலில் நீளவாக்கு விசையைத் தாங்கும் பேரிங் பிளைவீல் பக்கம் இருக்கிறது. ஆகவே இயந்திரத்தைத் திருப்பி வைத்து, அந்தப் பக்கத்திலேயே புரொப்பெல்லரை மாட்டினார். பாட்டரியை நம்பிய தீப்பொறி அமைப்பை நீக்கி மேக்னட்டோ வைத்தார். ரேடியேட்டர் இயந்திரத்தின் மேலே, விமானியின் பார்வைக்குக் குறுக்கே நின்றது. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மெதுவாகச் சுழன்றே வலிமை தந்ததுதான் ஏ மாடலின் சிறப்பு. புரொப்பெல்லரின் நுனி வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கினால் அதன் பயன் குறைந்துவிடும். வேகமாகச் சுழலும் இக்காலக் கார் இயந்திரங்களுக்குச் சுற்றைக் குறைக்கும் பற்சக்கரமோ பெல்ட்டோ தேவைப்படுகிறது. அதனோடு முறுக்கதிர்வுத் தொல்லையும் வந்து சேர்கிறது. பீட்டன்போலுக்கு அந்தத் தலைவலி இல்லை. ஆயினும் குறையையும் சொல்ல வேண்டும். அவருடைய இயந்திரம் சுமார் 240 பவுண்டு எடை. பின்னாளில் வந்த 65 குதிரைசக்திக் கான்டினென்டல் விமான இயந்திரம் 170 பவுண்டுதான். சிக்கனத்திற்கு அவர் எடையால் விலை கொடுத்தார். அது சரியான பேரமே என்பது என் கருத்து.

மாடர்ன் மெக்கானிக்ஸ் பத்திரிகையின் ஆசிரியர் வெஸ்டன் பார்மர், கார் இயந்திரம் விமானத்திற்கு ஒவ்வாது என்ற எண்ணம் உடையவர். பீட்டன்போல் வாதம் செய்யவில்லை. 1930 ஏப்ரலில் இரண்டு ஏர் கேம்ப்பர்கள் மினியாபொலிசை அடுத்த ராபின்ஸ்டேலில் போய் இறங்கின. ஆசிரியர் கட்சி மாறினார்! வரைபடங்கள் 1932-இல் அப்பத்திரிகையின் விமானக் கையேட்டில் வெளிவந்தன. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. விமானம் வாங்க இயலாதவர்கள் கொட்டகையில் கட்டத் தொடங்கினார்கள்.

அவர் ஏ மாடலோடு நின்றுவிடவில்லை. அறுபதுகளில், வயது அறுபதைத் தாண்டிய பிறகு, ஷெவர்லே கார்வேர் காரின் காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் இயந்திரத்தை மாற்றியமைத்துப் பறந்தார். ரேடியேட்டர் தொல்லை ஒழிந்தது.

1984-இல் காலமானார். அவருடைய விமானக் கொட்டகையை விஸ்கான்சினிலுள்ள ஆஷ்காஷ் அருங்காட்சியகத் திடலுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஏர் கேம்ப்பரை இன்றும் கட்டுகிறார்கள். அவர்களுள் சிலர் பழைய ஏ மாடல் இயந்திரத்தையே தேடிப்பிடித்துப் பொருத்துகிறார்கள். ரேடியேட்டரும் அதே இடத்தில்தான், விமானியின் கண்ணுக்கு நேராக.