கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்துக்காரர் ஆன நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மவுலானா

திருச்சி:-

ஸ்ரீரங்கத்தில் நாதஸ்வரம் என்று பேச்சு எடுத்தாலே பழைய ஆட்கள் முதலில் சொல்லும் பேர் ஷேக் சின்ன மவுலானா. தெலுங்கு பேசும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, தமிழ்நாட்டு பாணியை தேடி வந்து கற்றுக்கொண்டு, பெருமாள் ஊரிலேயே வீடு கட்டி தங்கிவிட்டவர் அவர்.

பரம்பரை தொழில்

ஆந்திராவில் ஓங்கோலுக்கு பக்கத்தில் உள்ள கரவதி கிராமத்தில் 1924-ம் ஆண்டு மே 12-ந்தேதி சின்ன மவுலானா பிறந்தார். அந்தப் பகுதியில் பல முஸ்லிம் குடும்பங்களுக்கு கோவிலில் நாதஸ்வரம் வாசிப்பதுதான் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். மவுலானா குடும்பமும் அப்படித்தான். முதல் பாடம் அப்பா காசிம் சாகிப்பிடம். அடுத்து சிலகலூரிபேட்டை ஆதம் சாகிப்பிடம் சேர்ந்தார்.

மீண்டும் மாணவர்

அந்தக் காலத்தில் நாதஸ்வரம் என்றால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான். அவர் வாசிப்பு மவுலானாவை கட்டிப்போட்டு விட்டது. ராகத்தை நின்று நிதானமாக விரித்து வாசிக்கும் தஞ்சாவூர் பாணி தனக்கும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆசைப்பட்டால் மட்டும் போதுமா? கையில் வித்தை இருக்கிறதே என்று சும்மா இருக்காமல், மறுபடியும் மாணவராக போய் உட்கார்ந்தார். குத்துவிளக்குக்கு பேர் போன நாச்சியார்கோவிலில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்கள்தான் அவருக்கு குரு. பாஷை வேறு, ஊர் வேறு. அதெல்லாம் அவருக்கு தடையாக இல்லை.

நாதஸ்வரம் லேசுப்பட்ட வாத்தியம் கிடையாது. ஆச்சா மரத்தில் கடைந்த குழல், அடியில் அணசு, வாயில் வைத்து ஊத நாணல் சீவாளி. விரல் வைக்க 7 துளைகள்தான். அதற்குள்ளே எல்லா ராகத்தின் நெளிவு சுளிவும் வர வேண்டும். துளையை பாதி மூடி, மூச்சை கூட்டிக் குறைத்துதான் கமகத்தை கொண்டு வர முடியும். சீவாளி கொஞ்சம் சரியில்லை என்றாலும் சத்தம் பிசிறடித்து விடும். இந்த கைவேலை நுணுக்கம் எல்லாம் மவுலானாவுக்கு அத்துப்படி. எவ்வளவு பெரிய வாத்தியத்தையும் இனிமையாக குழைத்து வாசிப்பார் என்று பேர் வாங்கினார்.

ரங்கநாதர் ஊரில்

ராமர் மீதும் ரங்கநாதர் மீதும் அவருக்கு பக்தி அதிகம். கடைசியில் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். டெல்லி சுல்தான் மகள் என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்கு கோவிலுக்குள்ளேயே சன்னதி வைத்து, ரொட்டி படைக்கும் ஊர் இது. அங்கே மவுலானா அந்நியராக தெரியவில்லை. எங்க ஊர் வித்வான் என்றே ஜனங்கள் சொல்லிக்கொண்டார்கள்.

1977-ம் ஆண்டு மத்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. வெளிநாடுகளுக்கும் போய் வாசித்தார். சென்னை மியூசிக் அகாடமியின் 1998-ம் ஆண்டு சங்கீத கலாநிதி விருதும் வந்தது. அந்த சந்தோஷம் அடங்குவதற்குள், 1999-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி அவர் காலமானார். அப்போது வயது 74.

விட்டுச் சென்றது

விருதை விட பெரிய காரியம் ஒன்றை அவர் செய்திருந்தார். கல்யாண வீட்டில் கெட்டிமேளத்துக்கு மட்டும் நாதஸ்வரம் என்று ஆகிக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளைகளை அனுப்ப பெற்றோர் யோசித்தார்கள். தன்னோடு இந்த வித்தை போய்விடக்கூடாது என்று ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை தொடங்கி, வந்தவர்களுக்கு சொல்லிக் கொடுத்தார்.

அது வீண் போகவில்லை. பேரன்கள் காசிம், பாபு இருவரும் அவர் வழியில் நாதஸ்வரம் வாசித்து பேர் எடுத்தார்கள். ஆந்திராவில் இருந்து வந்து அவரிடம் படித்த ஷேக் மகபூப் சுபானி, காலிஷாபி மகபூப் தம்பதியும் ஸ்ரீரங்கத்துக்காரர்களாகவே ஆகி விட்டார்கள். 2020-ம் ஆண்டு அவர்களுக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

குருவுக்கு பத்மஸ்ரீ கிடைத்து 43 வருஷம் கழித்து, அதே ஊருக்கு, அதே நாதஸ்வரத்துக்கு, அதே விருது. சின்ன மவுலானா ஊன்றி வைத்த விதை வீண் போகவில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?