வட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரி: டானியல் பூவரும் அவர் சேர்த்த மாணவர்களும்

ஒரு கல்லூரி வெற்றி பெற்றதா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது? சேர்ந்த மாணவர் தொகையையா, படிப்புக்குச் செலவிட்ட பணத்தையா, படித்து வெளியேறியவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதையா? யாழ்ப்பாணத்தில் இக்கேள்வி 1855ஆம் ஆண்டிலேயே எழுந்தது. அதற்குக் கிடைத்த விடை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த வட்டுக்கோட்டை செமினரியை மூட வைத்தது. அந்தச் செமினரியைக் கட்டியெழுப்பிய டானியல் பூவர் அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் இறந்திருந்தார்.

பூவர் 1789இல் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்ற ஊரில் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்று, பின் அன்டோவர் இறையியல் கல்லூரியில் பயின்றார். 1815இல் தன் மனைவி சூசனுடனும் சக மிசனரிமாருடனும் கப்பலேறியவர் 1816இல் கொழும்பை வந்தடைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் தெல்லிப்பழையில் குடியேறி, டிசம்பரில் அங்கு ஒரு இலவசப் பாடசாலையைத் தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரி தன் வரலாற்றை அந்தப் பாடசாலையிலிருந்தே எண்ணுகிறது. 1821இல் சூசன் தெல்லிப்பழையிலேயே காலமானார். பூவர் அப்போது ஊர் திரும்பவில்லை.

கிராமப் பாடசாலைகளில் தேறிய பிள்ளைகளுக்கு மேற்படிப்பு தேவைப்பட்டது. 1823இல் அமெரிக்க மிசனரிமார் தமிழ் இளைஞருக்கான கல்லூரித் திட்டம் ஒன்றை அச்சிட்டு, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் நன்கொடை கேட்டனர். அன்றைய பிரித்தானிய ஆட்சி அமெரிக்கரை ஐயத்துடனேயே பார்த்தது. ஆளுநர் பாண்ஸ் மேலும் அமெரிக்க மிசனரிமார் வருவதைத் தடுத்திருந்தார். கல்லூரி என்ற தகுதிக்கும் அனுமதி கிடைக்கவில்லை. அதனால் அந்நிறுவனம் செமினரி என்ற பெயரிலேயே இயங்கியது. பூவர் அதன் முதல் அதிபரானார்.

ஆரம்பத்தில் மாணவரிடம் கட்டணம் வாங்கப்படவில்லை. உணவும் தங்குமிடமும் புத்தகமும் இலவசம். இதற்கான பணம் அமெரிக்கத் திருச்சபையினரிடமிருந்தே வந்தது. ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஒரு குடும்பமோ சபையோ பொறுப்பேற்கும். பிள்ளைக்கு அந்தக் கொடையாளர் விரும்பிய பெயர் சூட்டப்படும். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, ஆனல்ட் சதாசிவம்பிள்ளை என்று தமிழ்ப் பெயருக்கு முன்னால் அமெரிக்கப் பெயர்கள் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். படிப்புதவி பெற்றவர் அதன் அடையாளத்தை வாழ்நாள் முழுவதும் பெயரில் சுமந்தார்.

இலவசம் என்பதால் எல்லோருக்கும் கதவு திறந்துவிடவில்லை. கிறிஸ்தவர் வளவில் சமைத்ததை உண்ணச் சைவக் குடும்பங்கள் பிள்ளைகளை விடவில்லை. எனவே தொடக்கத்தில் சமையற்கூடம் அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியில் அமைக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வேளாளர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அங்கு இடம் கிடைப்பது அரிது. பெண்களுக்குச் செமினரியில் இடமே இல்லை. அவர்களுக்கென 1824இல் உடுவிலில் விடுதிப் பாடசாலை தொடங்கியது.

ஒரே காலத்தில் தங்கிப் படித்தவர் தொகை பெரிதல்ல. நூறு, நூற்றைம்பதளவில்தான் இருந்தது. பாடத்திட்டம் மட்டும் பெரிது. ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம், கிறிஸ்தவ இறையியல் எல்லாம் கற்பிக்கப்பட்டன. பூவருக்கு வானியலில் தனி ஈடுபாடு. 1829இல் சந்திர கிரகணம் ஒன்றைப் பற்றிப் பஞ்சாங்க கணிதரான விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்புக்கும் பூவரின் கணிப்புக்கும் வேறுபாடு எழுந்தது. அன்றிரவு வானத்தைப் பார்த்துச் சரிபிழை தீர்க்கப்பட்டது. பூவரின் கணிப்பே சரியாக இருந்தது. சைவத்தின் மேல் கிறிஸ்தவத்தின் வெற்றியாக அதைக் காட்ட மிசனரிமார் விரும்பினர். மாணவர்களோ கணிதத்தை எடுத்துக்கொண்டார்கள்; சமயத்தைப் பலர் விட்டுவிட்டார்கள்.

1836ஆம் ஆண்டளவில் பூவர் மதுரைக்குச் சென்று அங்கும் பாடசாலைகளைப் பெருக்கினார். அதிபர் பொறுப்பு ஹென்றி ஹொய்சிங்டனுக்குப் போனது. 1841இல் பூவர் யாழ்ப்பாணம் திரும்பினார். அதே ஆண்டில் செமினரி மாணவராயிருந்த ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் உதயதாரகையைத் தொடங்கினர். இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், இந்தச் செமினரி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு ஈடானது என 1850இல் எழுதினார்.

அதற்குள் மாணவர் சேர்க்கையின் தன்மை மாறியிருந்தது. ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் என்று ஊர் அறிந்துகொண்டது. வசதியுள்ள பெற்றோர் பணம் கட்டியே பிள்ளைகளைச் சேர்த்தனர். படித்தவர்கள் இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் எழுதுவினைஞராக, ஆசிரியராக, மொழிபெயர்ப்பாளராக, சட்டத்தரணிகளாகப் பரவினர். ஊர்ச் சபைகளுக்குப் போதகராகப் போனவர் தொகை குறைவாகவே இருந்தது.

1855 பெப்ரவரியில், வாந்திபேதி பரவியிருந்த நாட்களில், பூவர் மானிப்பாயில் அந்நோய்க்குப் பலியானார். சில மாதங்களில் அமெரிக்காவிலிருந்து றூபஸ் அன்டர்சன் தலைமையில் விசாரணைக் குழு வந்தது. கிராமத்துக்குப் போதகர்களை உருவாக்க அனுப்பிய பணம் உத்தியோகத்தர்களை உருவாக்குகிறது என்பது அவர்கள் முடிவு. ஆங்கில உயர்கல்வி நிறுத்தப்பட்டது, செமினரி மூடப்பட்டது.

கொடையாளரின் பக்கம் நின்று பார்த்தால் அந்த முடிவில் நியாயம் உண்டு. அவர்கள் எதற்காகக் கொடுத்தார்களோ அது முழுமையாக நிறைவேறவில்லை. ஆனால் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் செமினரியில் படித்தவர்களே: கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். தாமோதரம்பிள்ளை பின்னாளில் கலித்தொகையையும் வீரசோழியத்தையும் தொல்காப்பியத்தின் பகுதிகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அன்டர்சனின் கணக்கில் இத்தகைய விளைவுக்கு ஒரு நிரல் இருக்கவில்லை.

பழைய மாணவர்கள் விடவில்லை. உயர்கல்வி மீண்டும் வேண்டும் என்று முயன்றார்கள், பணமும் திரட்டினார்கள். 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. ஒரு காலத்தில் இலவசமாகச் சோறும் பாடமும் பெற்றவர்களே இப்போது அடுத்த தலைமுறைக்காகக் கொடுப்பவர்களானார்கள். பூவர் தொடங்கிய கல்லூரியின் பெறுபேற்றை எழுதுபவர்கள் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.