எப்.ஏ. பரீட்சையில் தோற்ற கணித மேதை

பட்டம் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகம் உதவிய வரலாறு

1913-ம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு விசித்திரமான பிரச்சினை எழுந்தது.

ஒரு வாலிபருக்கு ஆராய்ச்சி செய்ய உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்று சிபாரிசு வந்திருந்தது. எம்.ஏ. படித்தவர்களுக்குத்தான் அதைக் கொடுக்கலாம் என்பது விதி. அந்த வாலிபரோ எம்.ஏ. அல்ல, பி.ஏ.வும் அல்ல. அதற்கும் கீழே உள்ள எப்.ஏ. பரீட்சையிலேயே இரண்டு தடவை தோற்றவர்!

அந்தப் பரீட்சையை நடத்தியதும் இதே பல்கலைக்கழகம்தான்.

அந்த வாலிபர் யார்? அவர்தான் உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச ராமானுஜம்.

துணிக்கடை குமாஸ்தாவின் மகன்

ராமானுஜம் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச அய்யங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள். ஏழைக் குடும்பம்.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜம் கெட்டிக்கார மாணவர். 1904-ல் கணக்குக்குப் பரிசு வாங்கினார். உபகாரச் சம்பளத்துடன் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேதான் வந்தது வினை. கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதப் புத்தகம் ஒன்று முன்பே அவர் கைக்குக் கிடைத்திருந்தது. அதில் ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் இருந்தன. விளக்கம் மிகக் குறைவு. ராமானுஜம் அவற்றைத் தாமே போட்டுப் பார்த்தார். புதிய சூத்திரங்களையும் கண்டுபிடித்தார். இரவு பகலாக அதே நினைவு. மற்றப் பாடப் புத்தகங்கள் மூலையில் கிடந்தன. ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது.

1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். பிறகு திரும்பி வந்து, 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நோய் வந்து தொல்லை கொடுத்தது. அந்த ஆண்டு எப்.ஏ. எழுதினார், தோற்றார். 1907-ல் மறுபடியும் எழுதினார், மறுபடியும் தோற்றார்.

கணக்கில் அவர் புலி. ஆனால் எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் மேலே படிக்கலாம். அதோடு கல்லூரிக் கதவு சாத்தப்பட்டது.

நோட்டுப் புத்தகமே சிபாரிசு

1909-ல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தது. பிழைப்புக்கு வழி வேண்டுமே! தம் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு ராமானுஜம் வேலை தேடிப் புறப்பட்டார்.

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி அய்யரிடம் சென்று ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். நோட்டைப் பார்த்தார், பிரமித்தார். இந்த மேதையைத் தாலுகா கச்சேரியில் அடைத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் உள்ள கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் சொந்தப் பணத்தில் மாதா மாதம் உதவி செய்தார்.

பிறர் பணத்தில் எத்தனை நாள் வாழ்வது? 1912 மார்ச் 1-ந் தேதி ராமானுஜம் சென்னை போர்ட் டிரஸ்டில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண அய்யரும் கணிதம் கற்றவர். அது ராமானுஜத்தின் நல்ல காலம்.

1913 ஜனவரி 16-ந் தேதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜம் ஒரு கடிதம் எழுதினார். தாம் ஒரு குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் என்பதையும் மறைக்காமல் எழுதினார். கூடவே தாம் கண்டுபிடித்த சூத்திரங்களையும் வைத்து அனுப்பினார். அவற்றைப் படித்த ஹார்டி, எழுதியவர் மகா மேதை என்று கண்டுகொண்டார்.

விதியா? வித்தையா?

பிப்ரவரி மாதம் வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அவர் முன்பு கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்தவர். ராமானுஜத்தின் நோட்டைப் பார்த்ததும் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மார்ச் மாதம் கணிதப் பாடக் குழு கூடியது. மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது.

சிண்டிகேட் கூட்டத்தில் ஆட்சேபம் கிளம்பியது. எம்.ஏ. இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது?

அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஒரு ஹைகோர்ட் நீதிபதி. அவர் பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையைச் சுட்டிக் காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்று சட்டமே சொல்கிறது. பிறகு ஆராய்ச்சி செய்பவரைத் தள்ளலாமா? இதுதான் அவர் வாதம். ஆட்சேபம் அடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பணம் அனுமதிக்கப்பட்டது.

1913 மே 1-ந் தேதி முதல் ராமானுஜம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். அறிக்கைகளையும் ஒழுங்காகக் கொடுத்தார்.

கேம்பிரிட்ஜ் பட்டம்

அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகமே ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்து அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. 1914 மார்ச் 17-ந் தேதி கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜிலும் வழக்கமாகக் கேட்கும் சான்றிதழைக் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் கிடைத்தது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது.

அந்தப் புகழை அனுபவிக்க ஆயுள் இல்லை. நோயுடன் 1919-ல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அப்போது வயது 32 தான்.

பரீட்சையில் தோற்றவர் எல்லோரும் ராமானுஜம் ஆகிவிட முடியாது. ஆனால் தோற்ற பிறகும் அவர் ஒரு நாளும் கணக்கை விடவில்லை. அவரிடம் மார்க்கு இல்லை. நோட்டுப் புத்தகம் இருந்தது. அதைத் திறந்து பார்க்கும் பொறுமை சில பெரியவர்களுக்கும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் நமக்கு ஒரு மேதை கிடைத்தார்.

எப்.ஏ. பரீட்சையில் மட்டும் ராமானுஜம் கடைசிவரை தேறவே இல்லை!