பாலம் திருப்பிய வக்கீல்

லண்டன் டவர் பிரிட்ஜைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1894-இல் திறந்த தூக்குப் பாலம். கப்பல் வந்தால் இரண்டு கைகளையும் தூக்கி வழிவிடும். அதைத் தூக்க இயந்திரம் செய்து கொடுத்த கம்பெனியைத் தொடங்கியவர் ஒரு வக்கீல் என்றால் நம்புவீர்களா?

வில்லியம் ஆம்ஸ்ட்ராங், 1810-இல் இங்கிலாந்தின் வடக்கே, டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசிலில் பிறந்தவர். அப்பா தானிய வியாபாரி. மகனைச் சட்டம் படிக்க வைத்தார். மகனுக்கோ மனமெல்லாம் இயந்திரத்தில். மீன் பிடிக்கப் போன இடத்தில் நீர்ச்சக்கரம் சுற்றுவதைப் பார்த்தவர், தண்ணீரின் சக்தி இவ்வளவு வீணாகிறதே என்று யோசித்தார். நீரழுத்தத்தில் இயங்கும் கிரேன் செய்தார். 1847-இல், 36 வயதில், வக்கீல் தொழிலை விட்டுவிட்டு எல்ஸ்விக் என்ற இடத்தில் தொழிற்சாலை போட்டார்.

அவர் முறை இதுதான். நீராவி இயந்திரம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய எடைக்குக் கீழே ஏற்றி வைக்கும். வேண்டும்போது மொத்த அழுத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். நம் ரெக்கரிங் டெபாசிட் மாதிரிதான்!

கிரேனுக்குப் பின் பாலம், கிரிமியப் போர் சமயத்தில் பீரங்கி என்று தொழில் வளர்ந்தது. ஆனால் எல்ஸ்விக்குக்கும் கடலுக்கும் நடுவே 1781-இல் கட்டிய கல் பாலம் ஒன்று இருந்தது. வளைவுகள் தாழ்வு, பெரிய கப்பல் மேலே வர வழியில்லை. அதை இடித்துவிட்டு, ஆம்ஸ்ட்ராங்கின் இயந்திரத்தோடு சுழல் பாலம் அமைத்தார்கள். இது தூக்குவதில்லை, நடுத்தூண் மேல் திரும்பி, ஆற்றின் போக்கிலேயே நீளவாக்கில் நின்றுகொள்ளும். 1876 ஜூலையில் முதலில் கடந்தது, எல்ஸ்விக்கில் செய்த 100 டன் பீரங்கியை ஏற்றிப்போக வந்த இத்தாலியக் கப்பல். 1884-இல் எல்ஸ்விக்கிலேயே கப்பல் கட்டும் தளம் வந்தது. கப்பலும் அதன் பீரங்கியும் ஒரே இடத்தில் தயார். பிரிட்டன், ஜப்பான் போர்க்கப்பல்கள் எல்லாம் அந்தப் பாலத்தைத் திருப்பித்தான் கடலுக்குப் போயின.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1871-இல் நியூகாசில் தொழிலாளர்கள் தினம் 9 மணி நேர வேலை கேட்டு ஏறக்குறைய ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பக்கம் முன்னே நின்றவர் இவர்தான். கடைசியில் ஜெயித்தது தொழிலாளர்கள். இதே மனிதர்தான் ஜெஸ்மண்டில் தன் பெரிய தோட்டத்தை ஊருக்குப் பொதுவாக எழுதிக் கொடுத்தார். இரண்டையும் ஒரே பேரேட்டில் போட்டால் எனக்கு இன்னும் டாலி ஆகவில்லை.

1900 டிசம்பரில், 90 வயதில் காலமானார். பிள்ளைகள் இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் எல்ஸ்விக்கில் கப்பல் கட்டுவதும் நின்றுபோனது. சுழல் பாலம் மட்டும் டைன் ஆற்றில் இன்றும் நிற்கிறது.