மன்னர் கேட்ட ஒரு சத்தியம்

லண்டன் நகரத்தில் ஓடுகிறது தேம்ஸ் நதி. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு, அந்த நதிக்கரையில், செல்சீ என்ற இடத்தில் ஒரு பெரிய வீடு இருந்தது. வீட்டைச் சுற்றித் தோட்டம். அதன் கோடியில் படகுத்துறை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுத் தலைவர் வெளியே புறப்பட்டால், மனைவி மக்கள் எல்லாரும் படகுத்துறை வரை வருவார்கள். அவர் எல்லாருக்கும் முத்தம் கொடுத்து விடைபெற்ற பிறகுதான் படகு நகரும்.

1534-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி அந்த வழக்கம் நின்றது. அன்று அவர் தோட்டத்துக் கதவைத் தாமே இழுத்துச் சாத்தினார். யாரும் பின்னால் வரக்கூடாது என்று தடுத்துவிட்டார். மருமகன் வில்லியம் ரோப்பரையும் சில வேலைக்காரர்களையும் மட்டும் அழைத்துக்கொண்டு படகில் ஏறினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு மருமகனின் காதோடு, போரில் ஜெயித்தாகிவிட்டது, ஆண்டவனுக்கு நன்றி என்று மெல்லச் சொன்னார். என்ன போர் என்று மருமகனுக்கு விளங்கவில்லை.

அவர்தான் சர் தாமஸ் மோர். இங்கிலாந்தின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றை வகித்தவர். அந்த வீட்டுக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

ஏன்?

வக்கீல் வீட்டுப் பிள்ளை

தாமஸ் 1478-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை வக்கீல், பிற்காலத்தில் நீதிபதி ஆனார். தாமஸ் ஆக்ஸ்போர்டில் படித்தார். பிறகு சட்டம் படித்து, தந்தையைப் போலவே வக்கீல் தொழிலுக்கு வந்தார்.

துறவியாகிவிடலாமா என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. லண்டனில் இருந்த கார்த்தூசியன் துறவிகளின் மடத்தை ஒட்டிச் சுமார் 4 ஆண்டுகள் தங்கி, ஜெபத்தில் ஈடுபட்டார். முடிவில் இல்லறத்தையே ஏற்றார். ஆனாலும், உயர்ந்த உடைகளுக்கு உள்ளே, உடம்பை உறுத்தும் முரட்டு ரோமச் சட்டை ஒன்றை அணிந்துவந்தார். மூத்த மகள் மார்கரெட்டுக்கு அந்த ரகசியம் தெரியும். அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடுப்பவள் அவள்தான்.

முதல் மனைவி 4 குழந்தைகளை விட்டுவிட்டு 1511-ல் இறந்தாள். பிறகு ஆலிஸ் என்ற விதவையைத் தாமஸ் மணந்துகொண்டார்.

பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று பெரிய மனிதர்களே கேட்ட காலம் அது. தாமஸ் தம் பெண்களுக்கும், மகனுக்குச் சமமாக லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். மார்கரெட் பெரும் புலமை பெற்றாள். அவள் மொழிபெயர்த்த நூல் அச்சில் வந்தது. தகப்பனாருக்கு அவள் என்றால் உயிர்.

1516-ல் தாமஸ் எழுதிய 'உட்டோப்பியா' என்ற நூல் அவர் புகழை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. தனிச் சொத்தே இல்லாத கற்பனைத் தீவு ஒன்றைப் பற்றிய நூல் அது.

மன்னரின் நண்பர்

அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் 8-ம் ஹென்றி. தாமஸின் அறிவும் நகைச்சுவையும் மன்னரைக் கவர்ந்தன. முன்னறிவிப்பு இல்லாமலே செல்சீ வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். ஒரு நாள் தாமஸின் கழுத்தில் கை போட்டபடி ஒரு மணி நேரம் தோட்டத்தில் உலாவினார். அதைக் கண்டு மருமகன் பூரித்துப் போனார். தாமஸ் மயங்கவில்லை. தம் தலையைக் கொடுத்தால் பிரான்சில் ஒரு கோட்டை கிடைக்கும் என்றால், மன்னர் தயங்காமல் கொடுத்துவிடுவார் என்று மருமகனிடம் சொன்னார்.

1529-ல் தாமஸ் லார்டு சான்சலர் ஆனார். மன்னரின் பெரிய முத்திரை அவர் கையில். பெரிய நீதிமன்றம் ஒன்று அவர் பொறுப்பில். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அவருடைய கிழத் தந்தையும் நீதிபதியாக இருந்தார். தாமஸ் தம் ஆசனத்துக்குப் போகும் வழியில், எல்லாரும் பார்க்க, தந்தையின் முன் மண்டியிட்டு ஆசி பெற்றுத்தான் செல்வார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அவர் சான்சலராக இருந்த காலத்தில், கத்தோலிக்க மதத்துக்கு மாறான கொள்கைக்காக 6 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அந்தத் தண்டனை சரி என்றே தாமஸ் நம்பினார். பிறர் நம்பிக்கையைச் சட்டம் நசுக்கியபோது அவர் சட்டத்தின் பக்கம் நின்றார். அதே சட்டம் பிறகு அவர் மீதும் பாய்ந்தது.

மன்னரின் ஆசை

ஹென்றிக்கும் அரசி காதரீனுக்கும் பிறந்தவர்களில் மேரி என்ற பெண் மட்டுமே தங்கினாள். மன்னருக்கு ஆண் வாரிசு வேண்டும். அத்துடன் ஆன் போலின் என்ற மங்கை மீது அவருக்குக் காதல். காதரீனை மணந்தது செல்லாது என்று தீர்ப்புக் கூறும்படி ரோமாபுரியில் இருந்த போப்பாண்டவரைக் கேட்டார். போப்பாண்டவர் இணங்கவில்லை. இங்கிலாந்தின் திருச்சபைக்கு நானே தலைவன் என்று கிளம்பினார் ஹென்றி.

1532 மே மாதம் பிஷப்புகள் மன்னருக்குப் பணிந்தார்கள். மறுநாளே தாமஸ் பதவியை விட்டார். வருமானம் குறைந்தது. தம் படகையும் படகோட்டிகள் 8 பேரையும் அடுத்த சான்சலருக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆண்டு ஆன் போலினுக்கு முடிசூட்டு விழா நடந்தது. தாமஸ் போகவில்லை. அவர் வராததை மன்னர் மறக்கவில்லை.

கேட்டது ஒரு சத்தியம்

1534-ல் புதுச் சட்டம் வந்தது. ஆன் போலினின் பிள்ளைகளே பட்டத்துக்கு உரியவர்கள் என்று எல்லாரும் சத்தியம் செய்ய வேண்டும். பட்டம் யாருக்கு என்று முடிவு செய்வது பார்லிமெண்டின் உரிமை என்பதைத் தாமஸ் ஒப்புக்கொண்டார். ஆனால் போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுக்கும் வாசகங்களும் அந்தச் சத்தியத்தோடு சேர்ந்திருந்தன. அதைச் செய்ய அவர் மனசாட்சி இடம் தரவில்லை.

ஏப்ரல் 13-ந் தேதி படகில் போனது இதற்காகத்தான். சத்தியம் செய்ய மறுத்தார். செய்தவர்களைக் குறை கூறவும் இல்லை. 4 நாட்கள் கழித்து லண்டன் டவர் கோட்டையில் சிறை வைத்தார்கள்.

சிறைச் சாப்பாட்டுக்கும் பணம் கட்டவேண்டும். அவருக்கும் வேலைக்காரனுக்கும் வாரம் 15 ஷில்லிங். ஆலிஸ் தன் துணிமணிகளை விற்றுக் கட்டினாள். ஒரு நாள் அவள் சிறைக்கு வந்து கணவரைக் கடிந்துகொண்டாள். அழகான வீடு, தோட்டம், புத்தகங்கள் எல்லாம் இருக்க, எலிகளோடு இப்படி அடைந்து கிடக்கலாமா என்று கேட்டாள். சொர்க்கத்துக்கு அந்த வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தானே இந்த இடமும் என்று சிரித்தார் தாமஸ்.

மார்கரெட் வந்தது அதைவிடப் பெரிய சோதனை. ஆண்டவனின் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து, அவளே சத்தியம் செய்துவிட்டாள். தகப்பனாரும் செய்து வீடு திரும்பவேண்டும் என்று கண்ணீர் விட்டாள். தாமஸ் அவள் மீது கோபப்படவில்லை. வழி மாறவும் இல்லை. அவர் அஞ்சிய போர் இதுதான். எதிரியோடு போராடுவது எளிது. அன்போடு போராடுவது கடினம்.

1535 மே 4-ந் தேதி மகள் வந்திருந்தபோது, ஜன்னல் வழியே பார்த்தார். சத்தியம் செய்ய மறுத்த கார்த்தூசியன் துறவிகளைக் கொலைக்களத்துக்கு இழுத்துச் சென்றார்கள். கலியாணத்துக்குப் போகும் மாப்பிள்ளைகள் போல எவ்வளவு மகிழ்ச்சியாகப் போகிறார்கள் பார் என்று மகளுக்குக் காட்டினார்.

ஒரு சாட்சி

மன்னரே திருச்சபையின் தலைவர் என்பதை மறுத்துப் பேசினால் ராஜத் துரோகம். வாய் திறக்காதவனைச் சட்டம் எப்படித் தண்டிக்கும்? வக்கீல் அல்லவா! தாமஸ் மௌனமாகவே இருந்தார்.

ஜூலை 1-ந் தேதி விசாரணை. தந்தையின் முன் அவர் மண்டியிட்ட அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். விசாரித்தவர்களில் ஆன் போலினின் தந்தையும் சகோதரரும் இருந்தார்கள். ரிச்சர்டு ரிச் என்ற அதிகாரி, சிறையில் தாமஸ் மறுத்துப் பேசியதாகச் சாட்சி சொன்னார். தாமஸ் அது பொய் என்றார். அப்போது கூட இருந்த இருவர், புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை என்று நழுவினார்கள். ஜூரிகளுக்குக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது. தீர்ப்பு: மரணம்.

கரித்துண்டுக் கடிதம்

டவர் துறையில் காத்திருந்தாள் மார்கரெட். ஆயுதம் தாங்கிய காவலர்களை விலக்கிக்கொண்டு ஓடி, தகப்பனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விடைபெற்றுச் சில அடி நடந்தவள், தாங்கமுடியாமல் மறுபடியும் ஓடிவந்து முத்தமிட்டாள். பார்த்தவர்கள் அழுதார்கள்.

ஜூலை 5-ந் தேதி, தாமஸ் கரித்துண்டால் அவளுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். நீ கடைசியாக முத்தமிட்டாயே, அன்றுதான் உன்னை மிகவும் நேசித்தேன் என்ற கருத்து அதில் இருந்தது. அவள் துவைத்துத் தந்த ரோமச் சட்டையையும் அவளுக்கே அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை கொலை மேடை. ஏணி ஆடியது. ஏறுவதற்குக் கை கொடுங்கள், இறங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் வேடிக்கையாகச் சொன்னார். மன்னரின் நல்ல ஊழியனாகவும், அதற்கு முன்பாக ஆண்டவனின் ஊழியனாகவும் சாகிறேன் என்று கூட்டத்துக்குத் தெரிவித்தார். கோடாரி விழுந்தது.

தலையை லண்டன் பாலத்தின் மீது குத்தி வைத்தார்கள். பிறகு அதை எப்படியோ மீட்டாள் மார்கரெட். 1544-ல் அவள் சாகும் வரை அதைப் பாதுகாத்தாள். இன்று அது கான்டர்பரி நகரத்துத் தேவாலயம் ஒன்றில், ரோப்பர் குடும்பக் கல்லறையில் இருக்கிறது.

யாருக்காக இவ்வளவும் நடந்ததோ, அந்த ஆன் போலினின் தலையும் மறு ஆண்டே மன்னரின் கட்டளையால் வெட்டப்பட்டது. தாமஸ் இறந்து 400 ஆண்டுகள் ஆன 1935-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அவர் ஏற்க மறுத்த இங்கிலாந்துத் திருச்சபையும் 1980-ல் தன் நினைவு நாட்களின் பட்டியலில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

தாமஸ் மன்னரை எதிர்த்துப் படை திரட்டவில்லை. ஊரைத் தூண்டிவிடவும் இல்லை. மனம் ஒப்பாத ஒன்றுக்குச் சத்தியம் செய்ய மறுத்தார், அவ்வளவுதான். அவரை நேசித்தவர்கள் எல்லாரும் செய்யச் சொன்னார்கள். அவர்களைக் கடைசி வரை நேசித்துக்கொண்டே மறுத்தார்.