சிறாரைத் தேடிய சவேரியார்

இந்தியாவின் அப்போஸ்தலராகிய புனித சவேரியார் 1506-ல் நவார் நாட்டுக் கோட்டையொன்றில் பிறந்து, பாரீஸ் சர்வகலாசாலையில் தத்துவம் போதித்தவர். அவ்வளவு படித்தவர் 1542-ல் தூத்துக்குடிப் பகுதியாகிய முத்துக்குளித்துறைக்கு வந்து, கையில் மணியடித்துத் தெருத்தெருவாய்ப் பரதவர் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழறிந்தவர்களைத் துணைக்கொண்டு ஜெபங்களைத் தமிழில் எழுதி, தாமே மனப்பாடம் செய்து கற்பித்தார். பிள்ளைகள் வீடு சென்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளிகளிடமும் தமக்குப் பதிலாக அவர்களையே அனுப்பினார்.

இறால் பாடு நன்றாயிருந்தால் பையனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வலைக்கு அழைத்துப்போகும் நம் ஏரிக்கரையார் அடுத்ததைக் கவனிக்கவேண்டும். ஊர் ஊராய் நடந்தவரால் ஓரிடத்தில் தங்க இயலவில்லை. ஆகவே ஆங்காங்கே கணக்கப்பிள்ளைமாரை அமர்த்தினார். சம்பளத்துக்கு வழி? அத்துறையின் வரியில் போர்ச்சுகல் ராணி காதரீனின் பாதரட்சைச் செலவுக்கென்றிருந்த 4,000 பணத்தை ஆண்டுதோறும் ஆசிரியர்களுக்குத் தரும்படி கேட்டு வாங்கினார். மோட்சம் ஏற அப்பிள்ளைகளைவிட நல்ல பாதரட்சை கிடைக்காது என்று ராணிக்கே எழுதினாராம்! பிள்ளைகளுக்காகக் கேட்பதில் கூச்சமில்லாத துறவி.

1545-ல் நமக்கு அண்மையிலுள்ள மயிலையில் தோமையார் கல்லறையருகே சில மாதம் ஜெபித்திருந்து, மலாக்காவுக்குக் கப்பலேறினார். 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையோரச் சான்சியான் தீவில் உயிர் நீத்தார். முத்துக்குளித்துறையில் கணக்கப்பிள்ளைமார் அதன் பின்னும் நெடுங்காலம் கற்பித்து வந்தார்கள்.