பெஞ்சமின் ராபின்ஸ்

மேல்நாட்டிற் பிறந்து, தம் அறிவால் உலகிற்குப் பயன்பட்டு, நம் தமிழ்நாட்டு மண்ணில் உயிர்நீத்த பெரியார் சிலர் உளர். அன்னவருள் ஒருவர், குண்டின் கதியைக் கணித வரம்பிற்குள் கொணர்ந்த பெஞ்சமின் ராபின்ஸ் என்பார்.

இவர் 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பாத் நகரில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் எனப்படும் நண்பர் சபையினர். கிறிஸ்து பெருமானின் சமாதான போதனையைச் சொல்லளவிற் கொள்ளாது, படைக்கலம் ஏந்துதலே தகாதென விலக்கியவர் அச்சபையார். அக்குடியிற் பிறந்த மகனே பீரங்கிக் கலைக்கு ஆசானாயினார் என்பது வியப்பிற்குரியது. இளமையிலேயே இலண்டன் சேர்ந்து, சபையின் வழக்கங்களைத் துறந்து, கணிதம் கற்பித்து வாழ்ந்த இவரை, 1727-ல், இருபதாம் வயதிலேயே, ராயல் சங்கம் தன் உறுப்பினராக ஏற்றது.

எறிபொருள் செல்லும் வழி பரவளைவு என்று கலிலேயோ காட்டியிருந்தார். அது காற்றில்லா வெளிக்கே முற்றும் பொருந்தும். ஆயினும், குண்டின் கனத்தை நோக்கக் காற்றின் தடை மிக அற்பமென்று கருதி, பீரங்கி நூலார் அக்கொள்கையையே பற்றி நின்றனர். ராபின்ஸோ, குண்டின் வேகத்தை அளந்து பாராது இதனை முடிவு செய்தல் கூடாதென்று துணிந்தார்.

கண்ணிற்குப் புலப்படாத வேகத்தை அளப்பது எங்ஙனம்? கனத்த ஊசலொன்றைத் தொங்கவிட்டு, அதன் மரப்பலகையிற் சுட்டார். குண்டு மரத்துட் புதைய, ஊசல் பின்னோக்கி ஆடியது. அதனோடு இணைந்த நாடா எவ்வளவு இழுபட்டதென்று கண்டு, ஊசலின் எடையையும் குண்டின் எடையையும் கொண்டு வேகத்தைக் கணக்கிட்டார். துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 1,700 அடி செல்வதாயிற்று. காற்றின் தடை இல்லையாயின் அவ்வேகமுடைய குண்டு 17 மைல் வரை செல்லுதல் வேண்டும். உண்மையிலோ ஒரு மைலும் செல்வதில்லை. எனவே, அற்பமென்று தள்ளப்பட்ட காற்றே குண்டின் கதியைப் பெரிதும் ஆள்வது என்பது தெளிவாயிற்று. ஒலியின் வேகத்தை அணுகுங்கால் இத்தடை மிகப் பெருகுவதையும் அவர் கண்டார்.

இவற்றை 1742-ல் பீரங்கிக் கலையின் புதுத் தத்துவங்கள் என்னும் நூலாக வெளியிட்டார். மகா கணிதர் ஆய்லர் 1745-ல் அதனை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து விரிவுரையும் எழுதினார். 1746-ல் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்தது. பின்னர் ராபின்ஸ், குழலின் நுனியை இடப்புறம் வளைத்து, வரிசையாக நிறுத்திய தாள்திரைகளின் ஊடே சுட்டார். முதலில் இடப்புறம் சென்ற குண்டு பின்பு வலப்புறம் திரும்பிற்று. சுழற்சியே குண்டை விலக்குகின்றது என்பது இதனால் விளங்கிற்று. குழலினுள் திருகு வரியிட்டுக் குண்டை நேரே சுழலச் செய்யும் நாட்டார் படையில் மேம்படுவர் என்றும் 1747-ல் முன்னறிந்து உரைத்தார். அடுத்த நூற்றாண்டில் அஃது அவ்வாறே ஆயிற்று.

நிற்க. 1749-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தனர். 1750-ல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை வந்தடைந்து, அதனையும் சென்னைக் கோட்டையையும் வலுப்படுத்தும் திட்டங்களை வகுத்தார். நம் நாட்டு வெப்பமும் காய்ச்சலும் அவருடலைத் தளர்த்தின. 1751-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், தம் 44-ஆம் வயதில், அக்கோட்டையில் உயிர்நீத்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைக் கைப்பற்றி இடித்தார்.

கோட்டை வீழ்ந்தது, அவர் கண்ட உண்மை வீழவில்லை. இந்நாளில் 1,000 கஜத்திற்கு அப்பாலுள்ள இலக்கைச் சுடும் பந்தயத்தார், கைப்பேசியிலடங்கும் மென்பொருளைத் துணைக்கொள்கின்றனர். அது முதற்கண் வேண்டுவன குழல்வாயில் குண்டின் வேகமும், அக்குண்டைக் காற்றுத் தடுக்கும் அளவுமே. காற்றழுத்தம், வெப்பம், பக்கக்காற்று, சுழற்சியால் நேரும் விலகல் ஆகியவற்றையும் கூட்டி அது நொடியில் விடை பகரும். வேகத்தையும் தடையையும் முதன்முதல் முறையாக அளந்து காட்டியவர் ராபின்ஸே.

அளந்து பாராத கொள்கை எத்துணை அழகியதாயினும் அதனை நம்புதல் தகாதென்பது அவர் வாழ்க்கை கற்பிக்கும் பாடம். மற்றொன்றும் உண்டு. அதே கணக்கு பந்தயக்களத்தில் விளையாட்டாகின்றது. போர்க்களத்தில் உயிர் கவர்கின்றது. சமாதானக் குடியிற் பிறந்த அவர்தம் அறிவு, அயலார் ஆட்சி நம் நாட்டில் வேரூன்றுதற்கும் துணைநின்றது. கல்வி கற்கும் நாம், கற்றதை எவர்பொருட்டு, எதன்பொருட்டு ஈகின்றோம் என்பதையும் உடன் எண்ணுதல் கடனன்றோ?